அயாகா தக்காஹாஷி: இரட்டையர் ஆட்டத்தில் ஒரு வாழ்வு



ஓட்டப்பந்தய வீரர் ஒருவரின் திறமையை அறிய விரும்புவோர் அவர் ஓடி முடித்த நேரத்தைப் பார்த்தாற் போதும். கிரிக்கெட் ஆட்டக்காரருக்கு ஓட்டக்கணக்கு உண்டு. பட்மின்டன் விளையாட்டிலே இரட்டையர் ஆட்டம் ஆடுபவருக்கோ இத்தகைய தனிக்கணக்கு எதுவும் இல்லை. அவர் பெறும் புள்ளி ஒவ்வொன்றும் இருவர் பெயரில் எழுதப்படுகிறது. அவர் விடும் பிழையையும் இருவருமே சுமக்கின்றனர். ஆதலால், இரட்டையர் ஆட்டத்தையே தம் பணியாகக் கொண்ட ஒருவரின் வரலாற்றைத் தனியே பிரித்துச் சொல்வது சற்றுக் கடினமான காரியம். இன்று நான் சொல்லப் புகுவது அத்தகைய ஒருவரின் வரலாறு. யப்பான் நாட்டிற்குப் பட்மின்டனில் முதலாவது ஒலிம்பிக் தங்கப் பதக்கத்தை ஈட்டித் தந்த இருவருள் மூத்தவராகிய அயாகா தக்காஹாஷி என்னும் வீராங்கனையே அவர்.

இவ்வாட்டத்தின் இயல்பை முதலிலே சிறிது விளக்கிவிடுகிறேன். பட்மின்டன் களம் 44 அடி நீளமுடையது. ஒற்றையர் ஆட்டத்திற்கு அதன் அகலம் 17 அடி. இரட்டையர் ஆட்டத்திற்கு 20 அடி. ஆடுபவர் தொகை இரண்டு மடங்காகிறது. களமோ மூன்றடி மாத்திரமே விரிகிறது. பந்தும் பந்தன்று, 16 இறகுகளைத் தக்கைத் தலையிலே செருகிச் செய்த, ஏறக்குறைய ஐந்து கிராம் நிறையுள்ள ஒரு பொருள். அடித்த கணத்தில் அது மிகுந்த விரைவோடு புறப்படும். இறகு காற்றைத் தடுப்பதால் விரைவிலேயே வேகங் குன்றும். எனவே, இரட்டையர் ஆட்டத்தில் வெற்றி பெரும்பாலும் வெற்றிடத்தைத் தேடிக் காண்பதிலேயே தங்கியிருக்கிறது. எதிரிகள் இருவருக்கும் நடுவேயுள்ள இடைவெளியே அவற்றுள் முதன்மையானது. அங்கே வரும் பந்தை எடுக்க வேண்டியவர் யார் என்று இருவரும் ஒரு கணம் தயங்கினால், அந்தத் தயக்கமே புள்ளியாகிவிடும்.

தாக்கும்போது ஒருவர் வலையருகிலும் மற்றவர் பின்னேயும் நிற்பர். காக்கும்போது இருவரும் பக்கத்துக்குப் பக்கம் பிரிந்து நிற்பர். ஒரு புள்ளிக்கான ஆட்டத்திலேயே இந்த நிலைமாற்றம் பல முறை நிகழக்கூடும். அதனை வாய்விட்டுச் சொல்ல நேரமில்லை. பின்னே நிற்பவர் முன்னே நிற்பவரின் முதுகைக் காண்கிறார்; முன்னே நிற்பவரோ தம் பின்னால் நிகழ்வதைக் காண்பதேயில்லை. பின்னிருந்து வரும் அடியின் ஒலியைக் கேட்டும், எதிரியின் முகத்தையும் கையையும் பார்த்தும் அனைத்தையும் ஊகிக்க வேண்டியவர் அவர்.

தக்காஹாஷி பின்னே நிற்பவர். களத்தின் பின்புறத்திலிருந்து ஓங்கி அடிப்பதே அவருடைய தொழில். வலையருகே நின்றவர் மிசாகி மட்சுதோமோ. ஏறக்குறையப் பதின்மூன்று ஆண்டுகள் இவ்விருவரும் அவ்வாறே நின்றனர்.

தக்காஹாஷி 1990ஆம் ஆண்டு ஏப்ரில் மாதம் 19ஆந் திகதி, பழைய தலைநகராகிய நாராவைத் தன்னகத்தே கொண்ட நாரா மாகாணத்தின் கஷிஹாரா நகரிலே பிறந்தவர். மட்சுதோமோ 1992ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஷிக்கோக்குத் தீவின் தோக்குஷிமா மாகாணத்திலே பிறந்தவர். இருவரும் தத்தம் ஊரை நீங்கி, வடகிழக்கே வெகு தொலைவிலுள்ள செண்டாய் நகரத்துக்குச் சென்று, அங்கே புனித உர்சுலாவின் பெயர் தாங்கிய உயர்நிலைப் பாடசாலையிற் சேர்ந்தனர். பட்மின்டனுக்குப் பெயர் பெற்ற பாடசாலை அது. தக்காஹாஷி ஒரு வகுப்பு மேலே படித்தவர். 2007ஆம் ஆண்டில் இருவரும் இணையாக்கப்பட்டனர்.

ஒரு வகுப்பு வேறுபாடு என்பது நமக்குச் சிறிய செய்தியாகத் தோன்றலாம். யப்பானியப் பாடசாலைகளிலே அது பெரிய செய்தி. மேல்வகுப்பு மாணவரைச் 'சென்பாய்' என்றும் கீழ்வகுப்பு மாணவரைக் 'கோஹாய்' என்றும் அழைப்பர். கோஹாய் பணிந்து நடக்கவேண்டும். சென்பாய் வழிகாட்ட வேண்டும். ஒழுக்கத்தை வளர்ப்பதற்கு நல்ல முறைதான். ஆயினும் இரட்டையர் ஆட்டக்களத்திலே இம்முறை ஓர் இடையூறாகவும் அமையலாம் என்பது என் எண்ணம். இளையவர் மூத்தவரின் பிழையைச் சுட்டத் தயங்குவாராயின், அப்பிழை மூன்றாம் செட் வரையிலும் நீடித்துவிடும். இவ்விருவருள் மூத்தவராகிய தக்காஹாஷி மகிழ்ச்சியையும் வருத்தத்தையும் முகத்திலே காட்டுபவர். இளையவராகிய மட்சுதோமோ அமைதியாக நின்று எதிரியை ஆராய்பவர். ஆட்டத்தின் போக்கை முன்னே நின்ற இளையவர் அமைக்க, பின்னே நின்ற மூத்தவர் அதற்கு இசைந்து அடித்தார். வயதின் முறை ஒருபுறமாகவும் ஆட்டத்தின் முறை மறுபுறமாகவும் சென்றன. இதனை மனங்கோணாமல் ஏற்றுக்கொண்டதே தக்காஹாஷியின் முதற் சிறப்பு என்று சொல்வேன்.

இவ்விடத்தில் ஒன்று நினைவுக்கு வருகிறது. நம் பாடசாலைகளிலே இரட்டையர் ஆட்டத்திற்குப் பிள்ளைகளைத் தெரிவு செய்யும்போது, ஒற்றையர் ஆட்டத்தில் முதலாவதாக வந்தவரையும் இரண்டாவதாக வந்தவரையும் சேர்த்து நிறுத்திவிடுகிறோம். நானும் பல ஆண்டுகள் அவ்வாறே செய்தேன். இருவரும் பின்னே நின்று ஓங்கி அடிக்கவே விரும்புவர். வலையருகே நிற்க ஆளிராது.

பாடசாலையை முடித்தபின் தக்காஹாஷி 2009ஆம் ஆண்டிலும், மட்சுதோமோ அதற்கடுத்த ஆண்டிலும் டோக்கியோவிலுள்ள நிஹோன் யுனிசிஸ் என்னும் கணினி நிறுவனத்தின் அணியிற் சேர்ந்தனர். யப்பானிலே விளையாட்டு வீரர் பலர் இங்ஙனம் ஏதேனுமொரு நிறுவனத்தின் ஊழியராகச் சம்பளம் பெற்றுக்கொண்டே பயிற்சி செய்வர். வாழ்க்கைக்கு உறுதி தரும் ஏற்பாடு இது. ஆனால் இதிலே ஒரு குறையும் இருந்தது. நிறுவன அணிகள் தமக்குள்ளே போட்டியிட்டு வெல்வதையே பெரிதாக எண்ணின. நாட்டின் அணி என்பது பின்னுக்குத் தள்ளப்பட்டது.

அதன் விளைவு கண்கூடு. யப்பானியப் பெண்கள் ஒரு காலத்தில் இவ்விளையாட்டில் உலகையே வென்றிருந்தவர்கள். நாடுகளுக்கிடையே பெண்கள் அணிகள் போட்டியிடும் ஊபர் கிண்ணத்தை 1966, 1969, 1972, 1978, 1981 ஆகிய ஆண்டுகளில் அவர்கள் கைப்பற்றினர். 1977ஆம் ஆண்டில் சுவீடனின் மால்மோ நகரில் நடந்த முதலாவது உலகப் போட்டியிலும் பெண்கள் இரட்டையர் பட்டம் யப்பானியருக்கே கிடைத்தது. ஆனால் 1992ஆம் ஆண்டில் பட்மின்டன் ஒலிம்பிக்கிலே பதக்கத்துக்குரிய விளையாட்டாக ஏற்கப்பட்டபோது அந்தப் பொற்காலம் முடிந்துவிட்டது. 2004ஆம் ஆண்டில் ஏதென்ஸ் நகருக்குச் சென்ற யப்பானிய ஆட்டக்காரருட் பெரும்பாலோர் தம் முதற் போட்டியிலேயே தோற்றுத் திரும்பினர்.

அதே ஆண்டிலே பார்க் ஜூ பொங் என்னும் கொரியர் யப்பானிய அணியின் தலைமைப் பயிற்சியாளரானார். இவர் 1992ஆம் ஆண்டு பார்சிலோனா ஒலிம்பிக்கில் ஆண்கள் இரட்டையர் தங்கம் வென்றவர். உலகம் கண்ட இரட்டையர் ஆட்டக்காரருள் மிகச் சிறந்தவர் என்று பலராலும் மதிக்கப்படுபவர். நிறுவன அணிகளிலே சிதறிக் கிடந்த வீரர்களை ஓரிடத்தில் திரட்டி, நாட்டின் அணியாகச் சேர்ந்து பயிலச் செய்தார். 2008ஆம் ஆண்டில் டோக்கியோவில் தேசியப் பயிற்சி நிலையம் திறக்கப்பட்டது அதற்குப் பெருந்துணையாயிற்று. கொரியர் ஒருவரின் கட்டளைக்கு யப்பானியர் கீழ்ப்படிந்து உயர்ந்தனர் என்பதில், அவ்விரு நாடுகளின் பழைய வரலாற்றை அறிந்தவர்க்கு ஒரு தனிச்சுவை உண்டு. அவர் 2025ஆம் ஆண்டுவரை அப்பணியிலே இருந்தார்.

2012ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் மிசுகி புஜீ, ரெய்கா கக்கீவா என்னும் இருவர் பெண்கள் இரட்டையர் வெள்ளிப் பதக்கத்தை வென்றனர். பட்மின்டனில் யப்பான் பெற்ற முதலாவது ஒலிம்பிக் பதக்கம் அதுவே. (அதே இலண்டனிலே நம் நாட்டு வீரர் நிலூக கருணாரத்ன, யப்பானின் முன்னணி ஆட்டக்காரராகிய கெனிச்சி தாகோவைத் தோற்கடித்ததை நம்மிற் பலர் மறந்திருக்கமாட்டோம்.) ஆயினும் அப்பெண்கள் இரட்டையர் போட்டியின்மேல் ஒரு கறை படிந்தது. அடுத்த சுற்றிலே வசதியான எதிரிகள் வாய்க்கவேண்டுமென்று, சீனா, தென் கொரியா, இந்தோனேசியா ஆகிய நாடுகளைச் சேர்ந்த நான்கு இணைகள் வேண்டுமென்றே தோற்க முயன்றன. பார்வையாளர் கூச்சலிட்டனர்; எட்டுப் பேரும் போட்டியிலிருந்து நீக்கப்பட்டனர். தக்காஹாஷியும் மட்சுதோமோவும் அவ்வாண்டு இலண்டனில் ஆடவில்லை. அவர்களினும் மூத்த இரு இணைகளே யப்பான் சார்பிற் சென்றிருந்தன.

அதன்பின் அவர்களது காலம் தொடங்கியது. யப்பானியர் இவ்விருவருடைய பெயர்களின் முற்பகுதிகளைச் சேர்த்துத் 'தக்காமட்சு' என்று அழைக்கலாயினர். ஷிக்கோக்குத் தீவில், மட்சுதோமோ பிறந்த மாகாணத்திற்கு அயலிலே, தக்காமட்சு என்ற பெயருடைய நகரமொன்றும் உண்டு; அதற்கும் இவர்களுக்கும் பெயரொற்றுமை தவிர வேறு தொடர்பில்லை. 2014ஆம் ஆண்டு ஒக்டோபரில் இவ்விணை உலகத் தரவரிசையில் முதலிடத்தை அடைந்தது. அவ்வாண்டின் இறுதியிலே, ஆண்டின் தலைசிறந்த இணைகள் மாத்திரம் பங்குபற்றும் டுபாய்ப் போட்டியிலும் அவர்களே வென்றனர். 2016ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பேர்மிங்காமில் நடந்த அகில இங்கிலாந்துப் போட்டியின் பட்டமும் அவர்கள் வசமாயிற்று. இறுதியாட்டத்தில் அவர்களிடம் தோற்ற சீன இணையில் ஒருவர், இலண்டனிலே போட்டியிலிருந்து நீக்கப்பட்ட யூ யாங். அப்பட்டத்தை யப்பானியப் பெண்கள் இணையொன்று அதற்குமுன் வென்றது 1978ஆம் ஆண்டில்.

இனி, றியோ டி ஜெனைரோ. பெண்கள் இரட்டையர் தங்கத்தை 1996 முதல் 2012 வரை ஐந்து ஒலிம்பிக் போட்டிகளிலும் சீனரே பெற்றிருந்தனர். 2016இல் அச்சங்கிலி அறுந்தது. அதை அறுத்தவர் யப்பானியரல்லர். டென்மார்க்கைச் சேர்ந்த கிறிஸ்ரினா பெடர்சன், கமில்லா ரிட்டர் யூல் என்னும் இருவர் அரையிறுதியில் சீன இணையை வீழ்த்தினர். தக்காஹாஷியும் மட்சுதோமோவும் காலிறுதியில் மலேசியரை மூன்று செட்களில் வென்று, அரையிறுதியில் கொரியரைத் தோற்கடித்து இறுதியாட்டத்திற்கு வந்தனர். அதற்கு முன்னரே, குழு ஆட்டத்தில், இந்தியாவின் ஜுவாலா குட்டா, அஷ்வினி பொன்னப்பா இணை அவர்களிடம் தோற்றிருந்தது.

ஓகஸ்ட் 18ஆந் திகதி இறுதியாட்டம் நடைபெற்றது. டேனிய வீராங்கனைகள் இருவரும் யப்பானியரைவிட நன்கு உயர்ந்தவர்கள். அனுபவத்திலும் வயதிலும் மூத்தவர்கள். முதல் செட்டை 21க்கு 18 என்று அவர்கள் எடுத்தனர். இரண்டாவது செட்டில் யப்பானியர் 21க்கு 9 என்று திருப்பிக் கொடுத்தனர். இத்தனை பெரிய வேறுபாட்டுடன் வென்ற செட் சில வேளைகளில் வென்றவர்க்கே கேடாகும். அடுத்ததும் அவ்வாறே எளிதாயிருக்குமென்று மனம் ஏமாந்துவிடும். மூன்றாவது செட் அவ்வாறு எளிதாயிருக்கவில்லை. புள்ளிகள் ஏறி ஏறி, டேனியர் 19, யப்பானியர் 16 என்று வந்து நின்றது. டேனியருக்குத் தேவை இன்னும் இரண்டே புள்ளிகள். பந்து வழங்கும் முறையும் அவர்களிடமே இருந்தது.

அந்நிலையிலிருந்து யப்பானியர் தொடர்ந்து ஐந்து புள்ளிகளைப் பெற்றனர், 21க்கு 19. ஆட்டம் முடிந்தது.

இந்த ஐந்து புள்ளிகளைப் பற்றிச் சிறிது சிந்திப்போம். முதற்புள்ளி டேனியர் வழங்கிய பந்திலே கிடைத்தது, 17. அதன்பின் பந்து வழங்கும் முறை யப்பானியரிடம் வந்தது. புள்ளியைப் பெறும்வரை அதே கையே மீண்டும் மீண்டும் வழங்கவேண்டும் என்பது விதி. ஆகவே 17, 18, 19, 20 ஆகிய நான்கு நிலைகளிலும் ஒருவரே பந்தை வழங்கினார். இரட்டையர் ஆட்டத்தில் வழங்கும் பந்து வலையின் மேல்விளிம்பை ஒட்டித் தாழ்ந்து செல்லவேண்டும். ஓர் அங்குலம் உயர்ந்தாற்கூட எதிரி பாய்ந்து கீழே அடித்துவிடுவார். சிறிது தாழ்ந்தால் வலையிலே விழும். வாழ்நாள் முழுவதும் எதிர்பார்த்த பதக்கம் இரண்டு புள்ளி தூரத்தில் நழுவிப்போகும் வேளையில், கை நடுங்காமல் அதை நான்கு முறை செய்வதென்பது அற்ப காரியமன்று. வழங்கிய பின்னரோ, நால்வரும் ஆடும் ஆட்டத்திலே, பின்னிருப்பவர் ஓங்கி அடிக்க முன்னிருப்பவர் வழியமைக்கவேண்டும். அவ்வாறு அமைவதற்கு ஒன்பது ஆண்டுக் காலப் பழக்கம் அவர்களுக்குத் துணைநின்றது. செண்டாயிலே மாணவியராகத் தொடங்கியவர்கள் வேறு இணை தேடாமல் அதுவரை வந்திருந்தனர்.

தங்கப் பதக்கத்தின் பின் ஒருவர் வாழ்வில் என்ன நிகழ்கிறது என்பதைப் பத்திரிகைகள் பெரிதாக எழுதுவதில்லை. எனக்கு அதுவே இவ்வரலாற்றில் கூடுதலாகச் சிந்திக்கத்தக்க பகுதியாகத் தோன்றுகிறது. தக்காஹாஷியும் மட்சுதோமோவும் தோல்வியில் வீழ்ந்துவிடவில்லை. 2017ஆம் ஆண்டு கிளாஸ்கோ உலகப் போட்டியில் வெண்கலம் பெற்றனர். 2018ஆம் ஆண்டில், 37 ஆண்டுகளின் பின் ஊபர் கிண்ணத்தை மீட்டெடுத்த யப்பானிய அணியிலே இடம்பெற்றனர். அவ்வாண்டு ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் பெண்கள் அணிக்குரிய தங்கத்திலும் அவர்களுக்குப் பங்குண்டு. ஆனால் அவர்கள் திறந்துவிட்ட கதவினூடாக வேறு பலர் உள்ளே வந்துவிட்டனர். யூக்கி புக்குஷிமா, சயாக்கா ஹிரோத்தா ஓர் இணை. மாயு மட்சுமோத்தோ, வக்கானா நகாஹாரா மற்றோர் இணை. 2018, 2019 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் உலகப் போட்டியின் இறுதியாட்டத்தில் இந்த இரண்டு யப்பானிய இணைகளுமே எதிரெதிர் நின்றன. இரண்டு முறையும் பின்னவர் வென்றனர். றியோவிலே தங்கம் வென்றவர்கள் தம் சொந்த நாட்டிலேயே மூன்றாம் இடத்துக்கு வந்துவிட்டனர்.

ஒலிம்பிக் விதிப்படி ஒரு நாடு ஒரு பிரிவுக்கு இரண்டு இணைகளுக்கு மேல் அனுப்ப முடியாது. 2020ஆம் ஆண்டு ஒலிம்பிக்கோ அவர்களது சொந்த நாட்டின் தலைநகரிலே நடக்கவிருந்தது. தங்கம் வென்ற இருவர், தம் மக்கள் முன்னிலையில் அதைக் காப்பதற்கு இடமின்றி நிற்கும் நிலை. எஞ்சியிருந்த சில போட்டிகளிலே சிறப்பாக ஆடினால் அந்நிலை மாறக்கூடும் என்ற நம்பிக்கை இருந்தது. அவ்வேளையில்தான் கொரோனாத் தொற்று உலகைச் சூழ்ந்தது. மார்ச் மாதத்தில் ஒலிம்பிக் ஓராண்டுக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் தக்காஹாஷி தாம் விளையாட்டிலிருந்து விலகுவதாக அறிவித்தார். அப்பொழுது அவருக்கு வயது 30. இன்னும் ஓராண்டு காலத்துக்குத் தம் உடலும் மனமும் தாங்கமாட்டா என்பதே அவர் கூறிய காரணம்.

இதனைக் கேட்டு வருந்தியோர் பலர். ஓராண்டு பொறுத்திருக்கலாமே, விதி யாரை எங்கே கொண்டு சேர்க்கும் என்று யாருக்குத் தெரியும் என்று சொல்லத் தோன்றும். ஒற்றையர் ஆட்டக்காரர் ஒருவராயின் நானும் அவ்வாறே சொல்வேன். தம் உள்ளத்திலே பாதி அணைந்தபின்னும் களத்தில் நின்று பார்ப்பதற்கு அவருக்கு உரிமை உண்டு. தோற்றால் அவரே தோற்பார். இரட்டையர் ஆட்டக்காரருக்கு அவ்வுரிமை இல்லை. பின்னே நிற்பவர் அரைமனத்தோடு அடித்தால், முன்னே நிற்பவர் தம் பின்னால் நிகழ்வதைக் காணாமலே தோற்றுக்கொண்டிருப்பார். மட்சுதோமோவுக்கு அப்போது 28 வயது. ஆடும் விருப்பமும் அவருக்கு இருந்தது. தக்காஹாஷி எடுத்த முடிவை இவ்வாறு நோக்கும்போது, அது றியோவிற் பெற்ற அந்த ஐந்து புள்ளிகளோடு ஒத்த இயல்புடையதாகவே எனக்குப் படுகிறது.

டோக்கியோ ஒலிம்பிக் 2021ஆம் ஆண்டு ஜூலையில் நடந்தது. யப்பானின் இரண்டு இணைகளும் காலிறுதியிலேயே தோற்றன. ஹிரோத்தா சில வாரங்களுக்கு முன் முழங்காலிற் கடுங்காயமுற்று, அதற்குக் கவசம் பூட்டிக்கொண்டே ஆடினார்; அவரோடு புக்குஷிமா, இருவருக்குமாகக் களமெங்கும் ஓடினார். மட்சுமோத்தோவும் நகாஹாராவும் கொரியரிடம் மூன்றாவது செட்டில் 28க்கு 26 என்ற கணக்கில் தோற்றனர். தங்கம் இந்தோனேசியாவின் கிரேசியா பொலி, அப்ரியானி ரஹாயு என்பவர்களுக்குக் கிடைத்தது. கிரேசியா பொலி யாரென நேயர்கள் வினவலாம். இலண்டனிலே வேண்டுமென்றே தோற்க முயன்றதற்காக நீக்கப்பட்ட எண்மருள் அவரும் ஒருவர். ஒன்பது ஆண்டுகள் கழித்து, தம்மினும் பத்து ஆண்டுக்கு மேல் இளைய ஒருவருடன் இணைந்து, அவர் அந்தத் தங்கத்தைப் பெற்றார்.

தக்காஹாஷி விலகியபின் மட்சுதோமோ கலப்பு இரட்டையர் ஆட்டத்திற்கு மாறினார். ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடும் அவ்வாட்டத்திலே பெண் பெரும்பாலும் வலையருகே நிற்பார். ஆண் பின்னே நிற்பார். ஆகவே அவர் நின்ற இடம் மாறவில்லை. பின்னே நின்றவர் யூக்கி கனேக்கோ என்னும் வீரர். 2020ஆம் ஆண்டின் இறுதிப் பகுதியில் தக்காஹாஷி மணந்துகொண்டது இவரைத்தான்.